ஐந்தாவது கியர்

கோத்தகிரியில் இந்த ஆல்டோவுக்கு ஒன்பது வயது.
ஐந்தாவது கியர் எப்படி விழும் என்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இரண்டில் ஏறி இரண்டில் இறங்கி
டானிங்டன் பக்கம் மட்டும் கொஞ்சம் மூன்று.

"பெல்லாரியா?" என்றார் போஜன்
பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.
"கீழ போனா ரோடு நேராப் படுத்துக்கும்மா.
வளைவே வராது. அதுதான் பயம்.
கை சும்மா இருந்தா கண்ணு தூங்கிரும்."

ரேடியேட்டரைத் திறந்ததும் துருத் தண்ணீர்.
"உங்க ஃபேக்டரி டஸ்ட் டீ" என்று சொல்லிக் கவிழ்த்தார்.
பச்சையாக ஏதோ ஊற்றினார்.
ஏ.சி.யை யார் போட்டார்கள் இங்கே?
போட்டதும் ஒரு தும்மல்,
பிறகு எலி எந்தக் குளிருக்கோ சேர்த்துவைத்த
சில்வர் ஓக் சருகெல்லாம்
என் மடியில்.
அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

ஹில்டா செவ்வாய்க்கிழமை பேசினாள்.
நாற்பது விநாடி.
அக்கா, நீ வண்டி ஓட்டுவேதானே?
ஓட்டுவேன்.
இவ்வளவு தூரம்?
ஓட்டுவேன்.
ஒரு பெட்டிதான், என்றாள்.
பின்னால் குக்கர் விசில்.
மூன்றாவது விசிலுக்குள் வைத்துவிட்டாள்.

கொள்முதல் நிலையத்தில் என் வேலை
மழைநாளில் இலை மூட்டையைத் தூக்கிப் பார்த்து
ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று எழுதுவது.
பதினாறு வருடம். சண்டை வந்தாலும்
பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.
அவள் குரலை நாலு நாளாகத்
தூக்கிப் பார்க்கிறேன்.
கழிக்க வரவில்லை.

டிக்கியில் உரச் சாக்கு, கம்பி போன குடை,
கவாத்துக் கத்தி, போன தேர்தல் நோட்டீஸ் ஒரு கட்டு.
ஒரு பெட்டிக்கு அதற்குமேலும் இடம் இருந்தது.
ஆனாலும் ஸ்டெப்னியைத் தவிர எல்லாவற்றையும் இறக்கினேன்.
ஒரு பெட்டிதான் என்று சொல்பவர்கள்
வாசல்வரை வந்தபின்
தையல் மெஷினைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், லைசென்ஸ்.
லைசென்ஸ் படத்தில் எனக்கு இரட்டைப் பின்னல்.
கரண்ட் பில்லின் முதுகில் ஊர்ப் பெயர்கள்:
கல்லட்டி, முப்பத்தாறு வளைவு, நாற்பத்து மூணு நம்பர், விடுவார்கள்.
தெப்பக்காடு, ஆறு மணிக்குத்தான் கேட்.
குண்டல்பேட்டையில் டயரைப் பார்க்க வேண்டும்;
மலைக் காத்துக்குக் கீழே வேறு கணக்காம்.
மைசூர். ஹிரியூர். செல்லக்கெரே.
அதற்குப் பின் பில்லில் இடமில்லை.

நேற்று ராத்திரி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து
வெறுந்தரையில் கிளட்சை மிதித்தேன்.
வலது, மேலே.
வலது, மேலே.
அப்படியே வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன்:
எப்போதிருந்து?
ஏன் சொல்லவில்லை?
அன்றைக்கே நான் சொன்னேனே?
கடைசியை இரண்டு முறை சொன்னேன்.
நன்றாகத்தான் இருந்தது, சொல்வதற்கு.
பிறகு எழுந்துபோய் ஃபிளாஸ்க்கைக் கழுவினேன்.
கதவருகே உரச் சாக்கு கிடந்தது,
குடை கிடந்தது.
கொண்டுபோகாதவற்றில் இன்னும் மூன்று.

வர்க்கி ஒரு பொட்டலம்.
இரண்டு ஸ்வெட்டர். ஒன்று எனக்கு இல்லை.
அவளுக்கு அங்கே நாற்பது டிகிரி,
திரும்பும்போது ராத்திரி ஆகிவிடும்.

மூன்று ஐம்பது. பனி கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது.
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் சுத்தமாகத் துடைக்கிறது,
அது என் பக்கம், போதும்.
பக்கத்து சீட்டில் இதுவரை
கூடை உட்கார்ந்திருக்கிறது, முட்டைக்கோஸ் உட்கார்ந்திருக்கிறது.
பெல்ட் மாட்டிக்கொள்ள யாரும் இல்லை.
எட்டிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.
பூட்டிக்கொண்டது.
இன்னும் பலமாக இழுத்தேன், அசையவில்லை.
விட்டேன். உள்ளே போகவிட்டேன்.
மெதுவாக இழுத்ததும்
தூசியும் நாப்தலின் வாசமுமாக
முழு நீளமும் வந்தது.

யாரோ வீட்டு நாய் ஒரு தரம் குரைத்து நிறுத்தியது.
முதல் வளைவு.
இரண்டாவது கியர்.